குத்துக் கணக்கிலிருந்து நோய்க் கணக்குக்கு: இந்தியப் பெரியம்மை ஒழிப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

1962இல் தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது அதன் இலக்கு ஒரே வரியில் அடங்கியது: மூன்று ஆண்டுகளுக்குள் மக்களில் 80 சதவீதம் பேருக்கு அம்மை குத்திவிட, அதாவது பெரியம்மைத் தடுப்பு மருந்து போட்டுவிட வேண்டும். நாடு முழுவதும் அம்மை குத்துவோர் ஊர் ஊராகப் போனார்கள். பதிவேடுகள் நிரம்பின. கோடிக்கணக்கான குத்துகள் கணக்கில் ஏறின. 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டதாக எழுதிய மாவட்டங்களும் இருந்தன. 1967இல் இந்தியாவில் அரசுக் கணக்குக்கு வந்த பெரியம்மை நோயாளிகள் மட்டும் 84,902 பேர்.

யாரும் சும்மா இருக்கவில்லை என்பதுதான் இந்த நிகழ்வில் முதலில் கவனிக்க வேண்டியது. வெயிலில் நடந்தார்கள், ஓடை தாண்டினார்கள், திட்டு வாங்கினார்கள். அந்த உழைப்பு எண்ணப்பட்ட விதத்துக்கும் நோய் பரவிய விதத்துக்கும் தொடர்பில்லை. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1975 மே மாதத்தில், அதே நாட்டில் அதே சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டே பெரியம்மை முடிவுக்கு வந்தது. இடையில் மாறியது என்ன, மாற்றும்போது எங்கே தடுமாறினார்கள் என்பதைக் கூடியவரை நுணுக்கமாகப் பார்ப்போம்.

பதிவேடு நிரம்பியது எப்படி

அம்மை குத்துபவருக்கு நாளுக்கு இத்தனை, மாதத்துக்கு இத்தனை என்று இலக்கு. இலக்கை எட்டச் சுலபமான இடம் பள்ளிக்கூடம். பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள், வாத்தியார் அதட்டி அடக்கி வைத்திருப்பார், ஒரு காலையில் நூறு பேரை முடித்துவிடலாம். போன ஆண்டு குத்திய அதே பிள்ளைகளுக்கே இந்த ஆண்டும் குத்தினாலும் கணக்கில் அது ஒரு குத்துதான். அதனால்தான் அந்த ஆண்டுகளின் குத்துகளில் பெரும்பகுதி ஏற்கெனவே குத்தப்பட்டவர்களுக்கான மறுகுத்தாக இருந்தது.

விடுபட்டவர்கள் யார்? கைக்குழந்தைகள், செங்கல் சூளைத் தொழிலாளிகள், ஊர் விட்டு ஊர் பிழைக்கப் போகிறவர்கள், தெருவோரம் படுப்பவர்கள், ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்டவர்கள். பெரியம்மை ஓடியதும் இவர்கள் வழியாகத்தான். குழந்தைகள் விடுபட்டதற்குக் கருவியும் ஒரு காரணம். அப்போது பயன்பட்டது, தோலின் மேல் வைத்துத் திருகிக் கீறும் பல் வைத்த வட்டக் கருவி. வலி அதிகம், புண் பெரிது. ஆறு மாதக் குழந்தையின் கையை அதற்கு நீட்டத் தாய்க்கு மனம் வருமா? வயதில் மூத்தவர்களின் கையில் இன்றும் தெரியும் வட்டத் தழும்புகள் அந்தக் கருவியின் அளவைச் சொல்லும்.

கணக்கே தவறாக இல்லாமல், உண்மையாகவே 80 சதவீதத்தை எட்டியிருந்தால்கூடப் போதியிருக்காது. 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 54.8 கோடிப் பேர். மீதி 20 சதவீதம் என்பது சுமார் 11 கோடி. அதோடு ஆண்டுதோறும் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்துகொண்டிருந்தன. விடுபட்ட அந்த 11 கோடிப் பேரும் நாடெங்கும் சீராகச் சிதறியிருக்கவில்லை. ஒரே சேரியில், ஒரே சூளையில், ஒரே ரயில் பெட்டியில் நெருக்கமாக இருந்தார்கள். சராசரி இதைக் காட்டாது.

இன்னொரு கேடும் இருந்தது. தன் எல்லைக்குள் பெரியம்மை வந்தது என்று எழுதினால், “குத்தவில்லையா?” என்ற கேள்வி அந்தப் பணியாளரைத்தான் தேடி வரும். ஆகவே நோயை எழுதாமல் விடுவதே அவருக்குப் பாதுகாப்பு. குத்து எண்ணிக்கை மேலே போகப் போக, நோய் எண்ணிக்கை பதிவேட்டில் மட்டும் குறைந்தது. மேலே இருந்தவர்கள் பார்த்த இரண்டு எண்களும் நம்பத் தகாதவை.

நோய் நடக்கும் வழி

பெரியம்மைக்குச் சில தனித்தன்மைகள் உண்டு. மனிதரைத் தவிர வேறு உயிரில் அது தங்குவதில்லை. தொற்றிய பிறகு சுமார் 12 நாளில் காய்ச்சல், அடுத்த இரண்டு மூன்று நாளில் முகத்திலும் கைகாலிலும் முத்துகள். அதற்கு முன் அவர் பிறருக்குப் பெரும்பாலும் பரப்புவதில்லை. பரப்பத் தொடங்கும்போது முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பெரும்பாலும் தொற்றுவது ஒரே வீட்டில் கூட இருப்பவர்களுக்கும் பார்க்க வந்த உறவினருக்கும்தான். ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். நோயாளியோடு பழகிய மூன்று நான்கு நாளுக்குள் குத்திக்கொண்டால் நோயைத் தடுக்கவோ தணிக்கவோ முடியும்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், எந்த ஒரு வாரத்திலும் நோய் உயிரோடு இருப்பது குறிப்பிட்ட சில ஆயிரம் வீடுகளில் மட்டுமே. அந்த வீடுகளைச் சுற்றி இருப்பவர்களுக்கெல்லாம் குத்தி வளையம் போட்டுவிட்டால் சங்கிலி அறும். நோயே இல்லாத ஊரில் குத்தும் ஆயிரம் குத்துகள் அந்த வாரச் சங்கிலியில் ஒரு கண்ணியைக்கூடத் தொடுவதில்லை.

இந்த வழி முதலில் தெளிவாகச் சோதிக்கப்பட்டது தட்டுப்பாட்டால். 1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவின் ஒகோஜா பகுதியில் நோய் கிளம்பியபோது, எல்லோருக்கும் குத்த மருந்து போதாது. அங்கிருந்த அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஃபோகி, மிஷன் நிலையங்களின் வானொலித் தொடர்பு வழியாக ஒவ்வோர் ஊரிலும் நோய் உண்டா என்று விசாரித்து, வரைபடத்தில் குறித்து, நோய் உள்ள ஊர்களுக்கும் அடுத்து பரவக்கூடிய இடங்களுக்கும் மட்டும் மருந்தைச் செலவிட்டார். மக்களில் பாதிப் பேருக்குக்கூடக் குத்தாத நிலையிலேயே சில மாதங்களில் பரவல் நின்றது. மருந்து தாராளமாக இருந்திருந்தால் இந்தக் கேள்வி எழுந்தே இருக்காது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ், பெரியம்மை எப்படிப் பரவுகிறது என்று வீடு வீடாக ஆராய்ந்து, நோயாளியைத் தேடிக் கண்டுபிடித்துச் சுற்றிலும் தடுப்பதை வலியுறுத்தினார். 1960களின் இறுதியில் தமிழ்நாட்டில் உள்ளூர்ப் பரவல் நின்றதற்கு அந்த அணுகுமுறை முக்கியக் காரணம். வடக்கே கங்கைச் சமவெளியில் நெரிசலும் வறுமையும் ரயில் போக்குவரத்தும் வேறு மாதிரி இருந்தன. அங்கே இது பலிக்காது என்றே பலர் நம்பினார்கள்.

தேடல் வாரம்

1973 இலையுதிர்ப் பருவத்தில் உத்தரப் பிரதேசம், பிகார், மேற்கு வங்காளம், மத்தியப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களில் இந்திய அரசும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து புது முறையைத் தொடங்கின. பருவத்தைத் தேர்ந்ததிலேயே பாதிப் புத்திசாலித்தனம் இருக்கிறது. பெரியம்மை கோடையில் உச்சம் தொடும், மழைக்காலம் முடியும்போது அடங்கியிருக்கும். சங்கிலிகள் குறைவாக இருக்கும்போது அறுப்பதுதான் குறைந்த ஆளோடு முடியும். பலர் வேலையை அவசரம் உச்சத்தில் இருக்கும்போதுதான் சீர்திருத்தத் தொடங்குவார்கள். அப்போது யாருக்கும் கை ஒழியாது.

முறை இது. மாதத்தில் ஒரு வாரம், ஆரம்ப சுகாதார நிலையத்தின் எல்லாப் பணியாளர்களும் தத்தம் வேலையை நிறுத்திவிட்டுத் தேடலுக்குப் போவார்கள். மலேரியாப் பணியாளர், குடும்பக் கட்டுப்பாட்டுப் பணியாளர் யாரும் விலக்கல்ல. கையில் ஒரு படம்: அம்மை முத்துகளோடு உள்ள குழந்தையின் வண்ணப்படம். “இப்படி யாரையாவது எங்கேயாவது பார்த்தீர்களா?” என்பதுதான் கேள்வி. “உங்கள் வீட்டில் உண்டா?” என்று கேட்டால் பதில் வராது. வடக்கே சீதளா தேவி, நம் பக்கம் மாரியம்மன். அம்மை என்பது வீட்டுக்கு வந்திருக்கும் அம்மன். அவளைச் சுகாதாரத் துறையிடம் யாரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். மூன்றாம் மனிதரைப் பற்றிக் கேட்கும்போது வாய் திறக்கும். குழந்தைகள் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்கள். பள்ளி, வாரச்சந்தை, டீக்கடை ஆகிய மூன்று இடங்களிலும் படம் காட்டினால் பத்து ஊர்ச் செய்தி ஓரிடத்தில் கிடைக்கும். தொடக்கத்தில் ஊரின் முக்கியமான இடங்களில் கேட்டார்கள். பின்னர் வீடு வீடாகவே போனார்கள்.

முதல் தேடல்களிலேயே, எந்தப் பதிவேட்டிலும் இல்லாத 10,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் வெளிவந்தார்கள். பத்து ஆண்டுக் குத்துக் கணக்கு மறைத்ததை ஒரு வாரம் காட்டிவிட்டது.

அடுத்ததாக மாறியது பழியின் திசை. நோயைக் கண்டுபிடித்துச் சொன்ன பணியாளர் குற்றவாளி அல்ல. மறைத்தவரும் தேடாமல் விட்டவரும்தான் கேள்விக்கு உரியவர். செய்தி சொன்னவருக்குப் பரிசும் வந்தது: முதலில் 50 ரூபாய், பிறகு 100 ரூபாய். சுவர்களில் எழுதினார்கள், தண்டோரா போட்டார்கள்.

தேடல் ஒழுங்காக நடந்ததா என்று எப்படி அறிவது? பணியாளர் கொடுத்த “போனேன்” என்ற கையெழுத்தை நம்பவில்லை. தேடல் முடிந்ததும் வேறு ஆள் ஒருவர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இடங்களுக்குத் திரும்பப் போனார். யாராவது வந்தார்களா, படம் காட்டினார்களா, பரிசு எவ்வளவு, யாரிடம் சொல்ல வேண்டும் என்று மக்களிடமே கேட்டார். செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதே அளவு. இந்தச் சின்ன மாற்றம் இல்லாமல் போயிருந்தால் குத்துப் பதிவேட்டின் இடத்தில் தேடல் பதிவேடு உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

வளையம் போடுதல்

கண்டுபிடித்தபின் செய்ய வேண்டிய வேலையில்தான் முதல் மாதங்களில் சறுக்கினார்கள். தேடல் வெள்ளமாகத் தகவல் கொண்டுவந்தது. தடுக்கும் குழுக்கள் போதவில்லை. வந்தார்கள், கண்ணில் பட்டவர்களுக்குக் குத்தினார்கள், அடுத்த ஊருக்கு ஓடினார்கள். ஆண்கள் வயலில் இருந்தார்கள், விருந்தாளிகள் பட்டியலில் இல்லை. மூன்று வாரம் கழித்து அதே ஊரில் மறுபடி முத்து. இதுவும் வெறும் பரபரப்புதான், பெயர் மட்டும் வேறு.

திருத்தப்பட்ட முறை மெதுவானது, ஓரிடத்தில் நின்று செய்வது. குழு அந்த ஊரிலேயே தங்கியது. குத்துவதற்கு முன் பட்டியல்: வீட்டு எண், ஒவ்வொருவர் பெயர், வயது, இப்போது எங்கே இருக்கிறார். வெளியூர் போனவரின் முகவரி அந்த மாவட்டத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. பகலில் கிடைக்காதவர்களுக்கு விடிவதற்கு முன்பும் இரவிலும் குத்தினார்கள். நோயாளி உள்ள வீட்டின் வாசலில் இரவும் பகலும் காவல். காவலர்கள் உள்ளூர் ஆட்களே, கூலிக்கு. நோயாளியை வெளியே விடக் கூடாது, பார்க்க வருகிறவர் குத்திக்கொள்ளாமல் உள்ளே போகக் கூடாது. கூலி வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்ற வீட்டைப் பூட்டி வைக்க முடியாது, ஆகவே சாப்பாட்டுக்கும் வழி செய்தார்கள். பிறகு சுற்றுவட்டார ஊர்களில் மறுதேடல்.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமாகப் படும் ஒரு கேள்வி: இந்த ஊரின் முதல் நோயாளிக்கு எங்கிருந்து வந்தது? பதில் கிடைத்தால் அந்த இடமும் பட்டியலில் சேரும். பதில் கிடைக்கவில்லை என்றால், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு இடத்தில் நோய் ஓடுகிறது என்று பொருள். தெரியாததையும் எண்ண இந்தக் கேள்வி வழி செய்தது.

கருவியும் எளிதானது. முனை இரண்டாகப் பிளந்த ஊசி: மருந்தில் தோய்த்தால் இரண்டு முனைக்கும் இடையே ஒரு சொட்டு நிற்கும், கையில் விரைவாக 15 தடவை குத்தினால் முடிந்தது. பழைய முறையில் 25 பேருக்குப் போதிய மருந்து இதில் 100 பேருக்கு வந்தது. கற்றுக்கொள்ள ஒரு மணி நேரம்கூட வேண்டாம். படிப்பறியாதவரும் செய்யலாம். ஊசி நல்ல ஊசி; ஆனால் பழைய இலக்கோடு கொடுத்திருந்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னும் வேகமாகக் குத்தத்தான் உதவியிருக்கும்.

1974 மே

சரியான வேலையைத் தொடங்கியதும் எண்கள் மோசமாகும். இதற்கு முன்கூட்டியே தயாராகாத இடங்களில் சீர்திருத்தம் இங்கேதான் செத்துப்போகிறது. 1973இல் சுமார் 88,000 ஆக இருந்த இந்திய நோயாளிகளின் எண்ணிக்கை 1974இல் 1,88,003 ஆனது. இதில் ஒரு பகுதி உண்மையிலேயே கடுமையான பரவல், ஒரு பகுதி இதுவரை மறைந்திருந்தது வெளியே வந்தது. பிகாரில் மே மாதத்தின் ஒரே வாரத்தில் பல ஆயிரம் புது நோயாளிகள். அதே மாதம் நாடு தழுவிய ரயில் வேலைநிறுத்தம். ஜாம்ஷெட்பூரிலிருந்து ரயில் ஏறியவர்களோடு நோய் பல மாநிலங்களுக்குப் போயிருந்தது. அங்கே தொற்றை அடக்க டாடா நிறுவனம் மருத்துவர்களையும் வண்டிகளையும் கொடுத்தது.

ஒரு கூட்டத்தில் பிகார் மாநிலச் சுகாதார அமைச்சர் பழைய முறைக்கே திரும்பலாம் என்றார். அவர் நிலையில் இருந்து பார்த்தால் அது இயல்பு. எல்லோருக்கும் குத்துவது வெளியே தெரியும் வேலை, எல்லாத் தொகுதியிலும் நடக்கும் வேலை. நான்கு காவலாளிகள் ஒரு குடிசை வாசலில் உட்கார்ந்திருப்பதைக் காட்டி எந்த அமைச்சர் பதில் சொல்வார்? அந்தக் கூட்டத்தில் ஓர் இளம் இந்திய மருத்துவர் எழுந்து, தீப்பிடித்தால் எரிகிற வீட்டின் மேல்தான் எங்கள் ஊரில் தண்ணீர் ஊற்றுவார்கள் என்ற பொருளில் பேசினார் என்று, அப்போது இந்தியாவில் பணியாற்றிய ஃபோகி பதிவு செய்திருக்கிறார். ஒரு மாத அவகாசம் கிடைத்தது. ஜூனில் எண்கள் இறங்கத் தொடங்கின. 1975இல் இந்தியா முழுவதற்கும் மொத்தம் 1,436 பேர்.

பலகையில் எழுதிய எண்கள்

மாதக் கூட்டங்களில் பேசப்பட்ட எண்கள் முற்றிலும் மாறியிருந்தன. இன்று நோய் உயிரோடு உள்ள இடங்கள் எத்தனை? முதல் முத்து தோன்றிய நாளுக்கும் நமக்குச் செய்தி வந்த நாளுக்கும் எத்தனை நாள் இடைவெளி? வளையம் போட்ட பிறகும் புதிதாக யாருக்காவது வந்ததா? கடைசி நோயாளிக்கு முத்து தோன்றி நான்கு வாரம், பின்னாளில் ஆறு வாரம், புது நோயாளி இல்லாமல் கழிந்தால்தான் ஓர் ஊர் பட்டியலிலிருந்து நீங்கும். எத்தனை குத்து என்ற எண்ணும் எழுதப்பட்டது, மருந்து இருப்பைக் கணக்கிட.

இந்த எண்கள் எல்லாமே பூஜ்யத்தை நோக்கி இறங்க வேண்டியவை. குத்து எண்ணிக்கைக்கு அப்படி முடிவு கிடையாது. அது ஏறிக்கொண்டே போகலாம், ஏறுவதே வெற்றியாகத் தோன்றும்.

வேறு பணியிடத்தில் இதை எடுத்தாள்வது

ஒரு நகராட்சிக் குடிநீர்ப் பிரிவை வைத்துப் பார்ப்போம். நாளுக்கு 30 புகார் வருகிறது, 28 கவனிக்கப்பட்டது என்று பலகையில் எழுதுகிறார்கள். ஆட்கள் காலை முதல் இரவு வரை ஓடுகிறார்கள். முதலில், நான்கு வாரம் ஒவ்வொரு புகாரோடும் தெரு, குழாய்க் கிளை, வால்வு ஆகிய மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டாம். திரும்பத் திரும்ப வரும் இடங்கள் தெரிந்துவிடும். பிறகு பலகையில் “கவனித்த புகார்” என்பதற்குப் பதிலாக “30 நாளில் மறுபடி வந்த இடங்கள்” என்று எழுதுங்கள்.

இரண்டு பேர் கொண்ட ஒரு குழுவைத் தினசரி ஓட்டத்திலிருந்து முழுவதுமாக விடுவித்து, அந்த இடங்களில் ஒன்றை முடிக்கும்வரை அங்கேயே நிறுத்துங்கள். பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே என்றால் தினசரி ஓட்டம்தான் ஜெயிக்கும். எந்த வேலை இந்தக் காலத்தில் தாமதமாகும் என்பதை அதிகாரியின் கையெழுத்தோடு எழுதி வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் திட்டு முழுவதும் கீழே உள்ளவர் தலையில் விழும். முதல் இரண்டு மாதம் புகார் கூடும் என்பதையும் அதே தாளில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். முடித்ததாகச் சொன்ன இடங்களில் பத்தில் ஒன்றுக்கு வேறு ஆள் போய்க் குழாயடியில் நிற்கும் பெண்களிடம் கேட்டு வரட்டும்.

எல்லாவற்றுக்கும் இந்த அச்சு பொருந்தாது. இளம்பிள்ளைவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கால் விளங்காமல் போகும் ஒரு குழந்தைக்குப் பின்னால் அறிகுறியே இல்லாமல் கிருமியைச் சுமக்கும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இருக்கலாம். நோயாளியைக் கண்டு வளையம் போடுவதற்குள் அது எங்கோ போயிருக்கும். ஆகவே அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைக்கும் ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுப்பதுதான் பொருளுள்ள வேலை. இயற்கையான கிருமியால் இளம்பிள்ளைவாதம் வந்த இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் பதிவானார். அந்த இடத்துக்கு நம்மைக் கொண்டுசேர்த்தது பெருந்திரள் முறைதான். பெரியம்மையில் வீணாகத் தெரிந்த அதே உழைப்பு இங்கே வீணாகவில்லை. பெரியம்மையிலும் முன்பு குத்திய குத்துகள் சும்மா போகவில்லை. தடுப்பாற்றல் உள்ளவர்கள் நிறைய இருந்த ஊரில் வளையம் போடுவது எளிதாக இருந்தது. எது வீண் என்பதை வேலையின் தோற்றத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. தீர்க்க வேண்டிய சிக்கல் எந்த வழியாக நடக்கிறது என்று தெரிந்த பிறகே சொல்ல முடியும்.

கடைசி நோயாளிக்குப் பிறகு

இந்திய மண்ணில் கடைசியாகத் தொற்றியவர் பிகாரின் கடிஹார் மாவட்டத்தில், 1975 மே 17 அன்று. ஒரு வாரம் கழித்து, மே 24 அன்று, வங்கதேசத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அசாமின் கரீம்கஞ்சில் நோய் தெரிந்தது. அதற்குப் பிறகு யாரும் இல்லை. தேடல் நிற்கவில்லை. இரண்டு ஆண்டுகள் பணியாளர்கள் அதே படத்தோடு வீடு வீடாகப் போய், ஒன்றும் இல்லை என்று எழுதித் திரும்பினார்கள். காய்ச்சலோடு கொப்புளம் என்று வந்த ஒவ்வொரு செய்தியும் வதந்திப் பதிவேட்டில் ஏறியது; சந்தேகம் இருந்தால் மாதிரி ஆய்வகத்துக்குப் போனது; சின்னம்மை என்று திரும்பி வந்தது. பழைய கணக்கில் இந்த இரண்டு ஆண்டு வேலைக்கு எழுத ஒரு எண்ணும் இருந்திருக்காது. 1977 ஏப்ரலில் பன்னாட்டு ஆணையம் இந்தியாவைப் பெரியம்மை அற்ற நாடாகச் சான்றளிக்க ஆதாரமாக இருந்தவை அந்த வெறுங்கைத் தேடல்களின் பதிவேடுகளே.

1975 ஜூலையில் பரிசுத் தொகையை 1,000 ரூபாயாக உயர்த்தினார்கள். ஒரு நோயாளியைக் காட்டினால் போதும். நாடு முழுவதும் சுவர்களில் எழுதியிருந்த அந்தப் பணத்தை வாங்க ஒரே ஒரு நோயாளியைக்கூட யாராலும் காட்ட முடியவில்லை.